வில்லெடுக்கும் வயது

மலைநாட்டு வரலாறு எழுதப் புகுவோர் எந்த அரசர் எந்த மலையை எவருக்குக் குத்தகைக்கு விட்டார், எந்த ஆண்டில் எந்தப் பயிர் வந்தது, சாலை எவ்வழியாக ஏறியது என்பனவற்றையே விரித்து எழுதுவர். 1877-ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்குக் கொடுத்த செய்தி பல நூல்களில் உண்டு. ஆனால், அம்மலையில் பிறந்த பிள்ளை எந்த வயதில் வில்லைத் தொட்டான், எந்த வயதில் பெரியவர்களோடு வேட்டைக்குச் சென்றான், அதற்கு முன் அவனுக்கு என்னென்ன கற்பித்தார்கள் என்று கேட்டு எழுதினார் மிகச் சிலர். கல்வியின் வரலாறு என்றவுடன் நம் நினைவு திண்ணைப் பள்ளிக்கும் ஏட்டுச் சுவடிக்கும் செல்கிறது. காடும் ஒரு பள்ளியாக இருந்தது. அதற்கும் சேர்க்கும் பருவம், தேறும் பருவம் என்பன இருந்தன. அப்பள்ளியைப் பற்றிச் சிறிது எழுதுவதே இங்கு நோக்கம்.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டோடு தோளொட்டி நிற்பவை. பாலக்காட்டின் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகள் நம் ஆனைமலைக் காடுகளோடு ஒன்றிக் கிடக்கின்றன. இடுக்கியின் மறையூர், வட்டவடை, மூணாறு, குமுளி முதலிய ஊர்கள் திருப்பூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களை நோக்கியவை. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எப்பக்கம் சேரவேண்டும் என்று எழுந்த கிளர்ச்சியை நம் மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று வரைபடத்தில் விழுந்த கோடு மானுக்கும் தெரியாது, மலைக்குடிகளின் பிள்ளைகளுக்கும் தெரியாது. முதுவர், காடர், மலசர், மலைப்புலையர், பளியர், மன்னான் எனப் பல குடிகள் இம்மலைத் தொடரில் வாழ்கின்றனர். இவர்களுட் பலர் எல்லைக்கு இருபுறமும் பரவியுள்ளவர்கள்.

நம் காலனியின் ஆண்டுவிழா மலரில் இதை எழுதக் காரணமும் உண்டு. விடுமுறை நாட்களில் நம் குடியிருப்பின் வேப்பமரத்தடியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கவைக்கொம்பும் பழைய சைக்கிள் டியூபும் கிடைத்துவிட்டால் நம் பிள்ளைகள் உண்டிவில் செய்துவிடுகிறார்கள். அணிலுக்கும் மைனாவுக்கும் அன்று அமைதி இல்லை. ஒரு வீட்டில் உண்டிவில்லைப் பிடுங்கி அடுப்பில் போடுகிறார்கள். அடுத்த வீட்டில் ‘பையன் குறி தப்பமாட்டான்’ என்று பெருமை பேசுகிறார்கள். இந்த இரண்டில் எதையும் மலைக்குடிகள் செய்யவில்லை. அவர்கள் செய்தது வேறு.

பழைய நூல்களிலிருந்து தொடங்குவோம். புறநானூற்றின் 324-ஆம் பாடலில் ஒரு சிற்றூர் வருகிறது. அங்கே வேட்டுவரின் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். காட்டுப்பூனைக் கடுவனைப் போன்ற மிரண்ட பார்வை அவர்களுக்கு. பறவை ஊன் தின்ற வாயில் புலால் மணம் போகவில்லை. அவர்கள் கையில் வில் இருக்கிறது. அது வளாரை வளைத்துச் செய்த வில். அம்பு, ஊகம்புல்லின் மெல்லிய தண்டு. அதன் நுனியில் செருகியது உடைமரத்தின் முள். பருத்தி வேலியின் ஓரத்தில் எலி எப்போது வெளிப்படும் என்று காத்து நிற்கிறார்கள். போரையும் புகழையும் பாட வந்த தொகையில் இந்தப் பிள்ளை வில் இடம் பெற்றிருப்பது நம் நற்பேறு. ஈராயிரம் ஆண்டுக்கு முன் பொம்மை வில் என்ன பொருளால் ஆனது என்பதைக்கூட நாம் அறிந்து கொள்கிறோம். இன்னொன்றும் காணத்தக்கது. சிறுவன் கையில் முள்ளம்பு, குறி எலி. பெரியவன் கையில் இருந்த இரும்பு முனை அவனுக்கு இன்னும் வரவில்லை. பருத்திப் பயிருக்கு எலி பகை என்பதால், அவன் விளையாட்டும் வீட்டுக்கு ஒரு வேலையாயிற்று.

பெண் பிள்ளைகளுக்கும் காட்டுப் பள்ளியில் பாடம் உண்டு. குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனத்துப் பரண்மீது நின்று தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளி ஓட்டுபவள் குறமகள். கிளி எந்த நேரத்தில் வரும், யானை எந்த வழியில் இறங்கும், பன்றி எந்தப் பக்கத்து வேலியைச் சாய்க்கும் என்று அறியாதவள் புனம் காக்க முடியாது. வேட்டைக்காரன் கற்கவேண்டியவற்றுட் பாதியை அவளும் கற்றாள். ஆனால் அவள் கல்வி ஓட்டுதலோடு நின்றது, கொல்லுதல் வரை செல்லவில்லை. நம் அகப்பாடல் ஆராய்ச்சியாளர்கள் தலைவன் வரவை மட்டும் பார்த்துக்கொண்டு, புனங்காவலின் நுட்பத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை.

வேட்டைக்குப் பிள்ளையைப் பழக்கும் முறையை முழுமையாகச் சொல்லும் தமிழ் நூல் ஒன்று உண்டென்றால் அது பெரியபுராணமே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்ப நாயனார் வரலாற்றைப் பக்திக்காகப் படிப்போர் பலர். அதன் முற்பகுதியை ஒரு வேட்டுவப் பிள்ளையின் வளர்ப்பு வரலாறாகப் படித்தாலும் சுவைக்கும். கதை நடப்பது காளத்தியை அடுத்த பொத்தப்பி நாட்டு உடுப்பூரில். நாம் பேசும் மலைகளுக்கு அது தொலைவுதான். ஆயினும் வேட்டுவர் வழக்கம் எத்தன்மையது என்று ஒரு தமிழ்ப் புலவர் கண்டு சொல்லியிருப்பதால், அதனை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த பிள்ளை, தூக்கினால் திண்ணென்று கனத்ததால் திண்ணன் ஆனான். தளர்நடைப் பருவத்தில் ஒரு நாள், வேட்டையில் பார்வை விலங்காகப் பழக்கி வைத்திருந்த புலியின் திறந்த வாயைக் குகை என்று எண்ணிக் கையை நீட்டினான். தந்தை ஓடிவந்து, கையில் அகப்பட்ட பசுந்தழையை ஓங்கினான். பிள்ளை அழுதான். அவ்வளவுதான் தண்டனை, ஆனால் புலியின் வாய் எது, குகையின் வாய் எது என்னும் முதற்பாடம் முடிந்தது. சற்று வளர்ந்ததும் திண்ணன் காட்டில் ஓடி முயற்குட்டி, பன்றிக்குட்டி, புலிக்குருளை, செந்நாய்க்குட்டி முதலியவற்றைத் துரத்திப் பிடித்து வந்து முற்றத்து மரங்களில் கட்டி வளர்த்தான். கவனியுங்கள்: வில் இன்னும் அவன் கைக்கு வரவில்லை. விலங்கைக் கொல்லக் கற்பதற்கு முன் அதனை வளர்க்கக் கற்கிறான். எது எவ்வளவு உண்ணும், எது எப்போது சீறும், எது தாயை நினைத்துக் கத்தும் என்பதெல்லாம் வீட்டு முற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அதன்பின் வில்விழா. உற்றார் கூடி, வில்லுக்குக் காப்புக் கட்டி, வில்லாசிரியனிடம் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். எழுத்தறிவிக்கும் நாளை நாம் கொண்டாடுவது போல அவர்கள் வில்லறிவிக்கும் நாளைக் கொண்டாடினர். வில்லும் பிற படைகளும் கற்று முடித்த திண்ணனுக்கு 16 ஆண்டு நிரம்புகிறது. அதுவரை அவன் வேட்டைத் தலைவனாகப் போகவில்லை. அவ்வேளையில் மலைவாணர் நாகனிடம் வந்து, பன்றியும் பிற விலங்கும் பெருகிப் புனங்களை அழிக்கின்றன என்று முறையிடுகின்றனர். முதுமையால் தளர்ந்த நாகன் தலைமையை மகனிடம் ஒப்புவிக்கிறான். தேவராட்டி வந்து வாழ்த்துகிறாள். திண்ணன் புறப்படுகிறான். அதுவே கன்னி வேட்டை.

அந்த வேட்டையின் ஆரவாரத்தைப் பாடிச் செல்லும் சேக்கிழார் ஓரிடத்தில், அந்த வேட்டுவர்கள் எவற்றைத் தொடவில்லை என்பதையும் சொல்கிறார். இளைய யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. சூல் கொண்டு அடி தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்தவில்லை. நாய்களின் குரைப்பும் பறையொலியும் கலந்த அத்தனை வெறிக்கு நடுவே, 16 வயது இளைஞன் ஒருவன் முன்னின்று நடத்திய வேட்டையில் இந்த மூன்று விலக்குகளும் நின்றன. ஓடும் விலங்கு சூலுற்றதா என்று நொடியில் அறிய எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டும்! முற்றத்தில் குட்டிகளைக் கட்டி வளர்த்த பருவம் இங்கேதான் பயன் தருகிறது. வேட்டைக்கு உரிய வயது எது என்று கேட்டால், எதைக் கொல்லலாகாது என்று அறிந்த வயதே என்று சேக்கிழார் காட்டும் வேட்டுவர் விடை சொல்லியிருப்பர் என்று நான் கருதுகிறேன்.

இனி நம் எல்லை மலைகளுக்கு வருவோம். மறையூர்ப் பகுதியில் முனியறை எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. அப்பகுதிப் பாறை ஓவியங்களில் மானினத்து உருவங்களும் உண்டு. அங்கே வேட்டை எவ்வளவு பழமையானது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அம்மலைகளின் குடிகளுள் முதுவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தாங்கள் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் மரபு. கண்ணகி மதுரையை எரித்தபின் புறப்பட்டோம் என்றும் ஒரு வழக்கு உண்டு. பிள்ளைகளையும் தெய்வத் திருவுருவையும் முதுகில் சுமந்து ஏறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாகச் சொல்வர். சொல்லாராய்ச்சி இதனை ஏற்குமோ ஏற்காதோ, இன்றும் முதுவப் பெண்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமக்கும் வழக்கம் உடையவர்கள். மலைப்பிள்ளையின் முதற் காட்சி தாயின் தோளுக்கு மேலிருந்து காணும் காட்சியாகிறது. நடக்கத் தெரியும் முன்பே அவன் காட்டுவழியைக் கண்டுவிடுகிறான்.

முதுவர் குடியில் மணமாகாத இளைஞர்கள் பெற்றோர் வீட்டில் இரவு தங்குவதில்லை. அவர்களுக்கெனச் சாவடி உண்டு. பெண் பிள்ளைகளுக்கும் தனி மடம் உண்டு. பருவம் எய்திய பையனுக்குத் தலையில் உருமால் கட்டும் சடங்கு நடக்கும். அதுமுதல் அவன் சாவடிக்கு உரியவன். நம் வீடுகளில் பையன் பெரியவனாகிவிட்டான் என்பதைத் தந்தையின் சட்டை அவனுக்குச் சரியாக இருக்கும் நாளில்தான் அறிகிறோம். அவர்களோ அதற்கு ஒரு நாளும் ஒரு துணியும் குறித்து வைத்தனர். சாவடியில் பெரியவர்கள் சொல்லும் கதை கேட்டு, பாட்டுக் கேட்டு, கண்ணி முடியவும் பொறி வைக்கவும் சுவடு பார்க்கவும் பிள்ளைகள் கற்றனர்.

சுவடு பார்த்தல் என்பதை நகரத்தார் எளிதாக எண்ணிவிடக் கூடாது. மண்ணில் பதிந்த குளம்பின் அடி ஆழமா, விளிம்பு காய்ந்ததா, புல் நிமிர்ந்துவிட்டதா, எறும்பு ஏறிவிட்டதா, பக்கத்தில் கிடக்கும் இலத்தியில் சூடு உண்டா என ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் விலங்கு எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது என்று சொல்ல முடியும். காற்று எப்பக்கம் வீசுகிறது என்று அறியாமல் ஓரடி வைக்கக் கூடாது. குரங்கு எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் கீழே புலியோ சிறுத்தையோ நடக்கிறது. இவற்றுள் எதுவும் கொலைக்கு மட்டும் பயன்படும் அறிவு அன்று. யானையின் வழியிலிருந்து விலகி உயிரோடு வீடு திரும்பவும் இதே அறிவுதான் வேண்டும். கேழ்வரகுப் புனத்தைப் பன்றியிடமிருந்து காக்கவும் இதுவே வேண்டும்.

காடர் கதை வேறு. நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகளில் வாழும் அவர்கள் வேட்டையைக் காட்டிலும் கிழங்கையும் தேனையும் நம்பி வாழ்ந்தவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருநூலிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எரன்பெல்ஸ் 1952-இல் கொச்சிக் காடரைப் பற்றி வெளியிட்ட நூலிலும் இவர்கள் வாழ்க்கையை விரிவாகக் காணலாம். காடர் பிள்ளைக்குத் தோண்டுகோல்தான் முதற் கருவி. எந்தக் கொடியின் கீழ் எந்தக் கிழங்கு என்று அறிவதே அவனுடைய அரிச்சுவடி.

மலைக்குடிகள் எல்லாரும் திண்ணனைப் போலவே வேட்டையாடினர் என்று எழுதிவிட்டால் அது முகமன் ஆகும், வரலாறு ஆகாது. வில்லேந்தியவன் சூலுற்ற பிணையை விட்டுவிட முடியும். புதரில் வைத்த கண்ணிக்கு அந்தக் கண் இல்லை. துப்பாக்கி மலையேறியபின் நிலைமை இன்னும் கெட்டது. கருங்குரங்கு இளகியம் என்று ஒரு மருந்தை நம் தமிழ் ஊர்களிலும் கேரளத்திலும் நம்பி வாங்கினார்கள் அல்லவா? அதற்காக நீலகிரிக் கருங்குரங்கு இம்மலைகளில் எண்ணிக்கையற்றுச் சாய்ந்தது. சுட்டவன் மலைக்காரனாக இருக்கலாம். விலை கொடுத்தவர் நம்மைப் போன்ற சமவெளியார். வீட்டுக்கு இறைச்சி தேடிய வேட்டை சந்தைக்குச் சரக்குத் தேடும் வேட்டையாக மாறியபோது, சாவடியில் கற்ற விலக்குகளுக்கு இடம் குறைந்தது.

துரைமார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். டக்ளஸ் ஹாமில்டன் 1854-இல் ஆனைமலைப் பக்கம் சென்றவர். அவர் வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாயின. மலைமேல் தேயிலைத் தோட்டங்கள் பெருகப் பெருகத் துரைமாரின் துப்பாக்கிகளும் பெருகின. ஆயினும் அழிவைக் கண்டு முதலில் அஞ்சியவர்களும் அவர்களே. உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை மூணாற்றுத் தோட்டக்காரர்கள் அமைத்தனர். பென்னிகுக் கட்டிய பெரியாற்று அணை திறக்கப்பட்டது 1895-இல். இரவிகுளம் மேட்டுநிலம் அச்சங்கத்தின் காவலில் இருந்தது. காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அவர்கள் நம்பியது முதுவரை. சாவடியில் சுவடு பார்க்கக் கற்ற பிள்ளைதான் வளர்ந்து துரையின் முன்னே நடந்தான். பெயர் துரைக்கு; கண் முதுவனுக்கு. பெரியாற்று ஏரியைச் சுற்றிய காட்டைத் திருவிதாங்கூர் அரசு 1934-இல் நெல்லிக்காம்பட்டிச் சரணாலயமாக்கியது.

நாடு விடுதலை பெற்றபின், 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழங்குடியினரின் வேட்டை உரிமைக்கு அச்சட்டம் விலக்களித்தது நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடிகளுக்கு மட்டுமே. முதுவருக்கும் காடருக்கும் மலசருக்கும் வேட்டை அன்றோடு குற்றமாயிற்று. காட்டின்மீது பழங்குடிகளுக்குப் பல உரிமைகளைத் திருப்பித் தந்த 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. இச்சட்டங்கள் வேண்டியவையே. அவை இன்றேல் வரையாடும் கருங்குரங்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குப் படத்தில்தான் கிடைத்திருக்கும். ஆயினும் சட்டம் கொலையைத் தடுத்தபோது, கொலைக்கு முன் பத்தாண்டுக் காலம் நடந்த கல்வியை என்ன செய்வது என்று எவரும் எண்ணவில்லை. சுவடு பார்க்கப் பிள்ளையை அழைத்துச் செல்லும் தந்தையையும் கண்ணி வைக்கப் போகிறவன் என்றே ஐயுறும் காலம் வந்தது.

அதே காலத்தில் பள்ளிக்கூடமும் வந்தது. அது வந்தது நன்றே. ஆனால் மலையுச்சிக் குடிகளில் தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லை. 2010-இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாக அமைக்கப்பட்ட இடமலைக்குடியின் முதுவப் பிள்ளைகள் நெடுங்காலம் மேற்படிப்புக்கு மலையிறங்கி விடுதிகளில் தங்கவேண்டியிருந்தது. பத்து வயதில் விடுதிக்குச் சென்ற பையன் உருமால் கட்டும் வயதில் ஊரில் இல்லை. சாவடியில் கற்கவேண்டிய ஆண்டுகளை அவன் இரும்புக் கட்டிலில் கழித்தான். பெருக்கல் வாய்பாடு வந்தது. யானை நின்ற இடத்தின் மணம் போயிற்று. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்ற நிலையை அப்பிள்ளைக்கு நாம் உண்டாக்கியது முறைதானா?

வேட்டைக்குரிய வயதைப் பிற நாட்டார் எவ்வாறு வகுத்தனர் என்றும் பார்க்கலாம். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டு ஹட்சா மக்கள் மூன்று வயதுப் பையன் கையிலேயே சிறு வில்லைத் தருகிறார்கள். அவனும் நம் புறநானூற்றுச் சிறுவனைப் போல எலியிலும் சிறு பறவையிலும் தொடங்குகிறான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலமோ, பெரியவர் துணையோடு துப்பாக்கி வேட்டைக்குச் செல்லப் பத்து வயது நிரம்பவேண்டும் என்றிருந்த விதியை 2017-இல் நீக்கிவிட்டது. வில்லுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே மறந்தார்களோ என்னவோ! நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் முதலில் வகுத்த வயது 16. சேக்கிழார் திண்ணனுக்குச் சொன்ன அதே 16. பின்னர் 1983-இல் அதனை 21 ஆக்கினர்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். வேட்டைப் பழக்கம் உடைய அவருடைய மாமா அமிருத்தீன் தையப்ஜி, பையனைக் கண்டிக்காமலும் மெச்சாமலும், அது என்ன பறவை என்று கேட்டறியும்படி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லர்டு அலமாரிகளைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன் வளர்ந்து 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராய வந்தபோது, நாம் பேசும் இதே மலைகளில்தான் திரிந்தார். மறையூர், மூணாறு, பறம்பிக்குளத்துக் குரியார்குட்டி ஆகிய இடங்கள் அவர் தங்கி ஆராய்ந்தவை. தவறு செய்த கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்கச் செய்த அந்த மாமாவை நம் காலனித் தந்தையர் நினைவில் கொள்ளலாம்.

சாவடிக் கல்வி முற்றும் அழிந்ததென்று சொல்வதற்கில்லை. பறம்பிக்குளத்துக்கு அடுத்த வாழச்சால் காடுகளில் காடர் முன்பு இருவாச்சிப் பறவையின் கூடு தேடிக் குஞ்சுகளை எடுத்து வந்தனர். இருவாச்சி தன் பெடையை மரப்பொந்தில் வைத்து அடைத்து, சிறு பிளவு வழியாக இரை ஊட்டும் பறவை. சேவலைக் கொன்றால் உள்ளே பெடையும் குஞ்சும் பட்டினி. எந்த மரத்தில் எந்த மாதம் கூடு அமையும் என்பது கூடெடுத்தவர்களுக்கே தெரியும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வனத்துறையும் ஆராய்ச்சியாளரும் அவர்களையே கூடுகளுக்குக் காவலராக்கினர். தந்தை மரம் காட்ட மகன் ஏறிய வழக்கம், தந்தை மரம் காட்ட மகன் கீழே நின்று குறிப்பெழுதும் வழக்கமாயிற்று. பெரியாற்றிலும் காட்டிலிருந்து வயணப்பட்டையைத் திருட்டாக உரித்து வந்தவர்கள் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் மாறினர். சின்னாற்றில் முதுவரும் மலைப்புலையரும் விருந்தினரை நடத்திச் செல்கின்றனர். ஆனால் இவை பெரியவர்களுக்கான வேலைகள். பத்து வயதுப் பிள்ளையை அந்தக் காவலர் பின்னே ஒரு வாரம் நடக்கவிடும் பள்ளிக்கூடம் அம்மலையில் வேண்டும் என்பது என் விருப்பம். பன்றியின் தொல்லையும் ஓயவில்லை. நாகனிடம் மலைவாணர் வந்து முறையிட்டது போலவே இன்று உழவர்கள் முறையிட, பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் வந்து சுடுகிறார். வந்தது சூலுற்ற பன்றியா என்று இருட்டில் பார்க்க அவருக்கு எவர் கற்பித்தனர்?

இரவிகுளத்தின் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. தோட்டக்காரர் காவலில் இருந்த அந்த நிலத்தைக் கேரள அரசு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துக்கொண்டு, 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கியது. சங்க நூல்களில் வருடை என்று வரும் வரையாடு, நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. உலகில் எங்குமில்லாத அளவுக்கு அங்கே கூட்டமாக வாழ்கிறது. ஆண்டுதோறும் வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச்சு மாதங்களை ஒட்டி, பூங்காவின் வாயில் பார்வையாளருக்கு அடைக்கப்படுகிறது. கோடையில் வாயில் திறந்தபின், பாறைச் சரிவுகளில் தாயின் பின்னே தாவும் குட்டிகளை எண்ணும் வேலை தொடங்குகிறது. அங்கே எண்ணச் செல்வோருக்கு முன்னே நடப்பவர்களில் முதுவரும் உண்டு.